கீறல் விழுந்த ஆடியோ சிடியிலிருந்து பாட்டை முழுசாக மீட்பது எப்படி: மென்பொருள் தேர்வு முதல் செட்டிங் வரை

தண்டையார்பேட்டையில் எங்கள் பெரியப்பா கானா பாடுகிறவர். தெருவில் யார் வீட்டுக் காரியம் என்றாலும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாடுவார். ஒரு தடவை சின்ன ஸ்டுடியோ ஒன்றில் ஒன்பது பாட்டுகளைப் பதிவு செய்து, வெற்று சிடிகளில் எழுதித் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அந்த சிடிகள் ரேடியோ செட்காரரின் ஆம்ப்ளிஃபயர் மேல் உறை இல்லாமல் கிடந்தன, ஆட்டோவில் வெயிலில் காய்ந்தன, ஆடி மாதத்துக் கூழ் ஊற்றுகிற விழாவில் கை மாறிக் கை போயின. பெரியப்பா போன பிறகு தேடினால் எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று, அடிப்பக்கம் முழுக்கக் கீறல்.

அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, கைக்கு எட்டிய ஒரு சாதாரண மென்பொருளில் எடுத்தேன். ஐந்தாறு நிமிடத்தில் 'முடிந்தது' என்று சொன்னது, நானும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். வருஷ திதி அன்று பெரிய ஸ்பீக்கரில் போட்டபோதுதான் ஐந்தாவது பாட்டில் அவர் குரல் 'டப்' என்று அறுந்து மறுபடி ஒட்டுவது கேட்டது. அந்த மென்பொருள் எந்த இடத்தில் தோற்றது என்று எனக்குச் சொல்லவே இல்லை. அதனால் இந்த வழிகாட்டியில் நான் மென்பொருளை எடைபோடுவது ஒரே கேள்வியை வைத்துத்தான்: படிக்க முடியாத இடத்தை அது நம்மிடம் ஒப்புக்கொள்கிறதா, இல்லையா?

முதலில், உங்கள் கையில் இருப்பது ஆடியோ சிடிதானா

பர்மா பஜாரிலும் மூர் மார்க்கெட்டிலும் நாம் அள்ளிக்கொண்டு வந்ததில் பாதி, நூறு பாட்டு நூற்றைம்பது பாட்டு என்று உறையில் போட்டிருக்கும் எம்பி3 சிடிகள். அவை டேட்டா சிடி. கம்ப்யூட்டரில் திறந்தால் பாட்டுகள் எம்பி3 கோப்புகளாகவே தெரியும், அவற்றை அப்படியே காப்பி எடுத்தால் போதும், கீறல் தடுத்தால் டிடிரெஸ்க்யூ மாதிரியான மீட்பு மென்பொருள் போதும். ஆடியோ சிடி என்றால் அதிகபட்சம் 74 அல்லது 80 நிமிடம் ஓடும், திறந்தால் ஒரு கிலோபைட்டுக்கும் குறைவான 'டிராக்01.சிடிஏ' மாதிரிக் கோப்புகள் மட்டும் தெரியும். அந்தச் சின்னக் கோப்புகளைக் காப்பி எடுத்து வைத்துவிட்டு சிடியைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அதில் பாட்டு இல்லை, பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கிறது.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நம் சிக்கலுக்கே காரணம். ஆடியோ சிடியில் ஒரு நொடி ஒலி 75 துண்டுகளாக இருக்கிறது, ஒரு துண்டு 2352 பைட். டேட்டா சிடியில் அதே அளவு துண்டில் 2048 பைட்டுக்குத்தான் தகவலை வைத்துவிட்டு, மீதியில் பெரும்பகுதியைப் பிழை கண்டுபிடிக்கவும் திருத்தவும் ஒதுக்கியிருப்பார்கள். ஆடியோவில் அந்த இரண்டாவது காவல் கிடையாது, 2352 பைட்டும் பாட்டுதான். அடியில் ஒரு பிழைதிருத்த அடுக்கு இரண்டிலும் பொதுவாக உண்டு, அது தடத்தின் நீளவாக்கில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை அழிந்து போனதைக்கூட முழுசாகத் திருத்திவிடும். அதற்கு மேல் போனால் பிளேயர் முன்னும் பின்னும் உள்ள ஒலியைப் பார்த்து நடுவில் இருப்பதை ஊகித்து நிரப்பும், அதுவும் முடியாவிட்டால் சத்தத்தையே அடக்கிவிடும். டிரைவும் பல நேரம் பிழை என்று சொல்லாமல் தவறான தகவலையே நீட்டிவிடும். நம் காதுக்குப் பாட்டு ஓடுகிற மாதிரி இருக்கும், ஆனால் வந்தது சிடியில் எழுதியது அல்ல.

துடைப்பது

எந்த மென்பொருளையும் விட இது அதிகம் உதவும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெத்தென்ற மைக்ரோஃபைபர் துணி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில். வட்டமாகத் துடைக்கவே கூடாது. தடம் வட்டமாக ஓடுகிறது, நீங்கள் வட்டமாக ஒரு கீறல் போட்டால் அது தடத்தோடேயே நீளமாகப் போய்ப் பிழைதிருத்தத்தின் எல்லையைத் தாண்டிவிடும். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகிற கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமாக வெட்டிவிட்டுப் போகும், அது பெரும்பாலும் சமாளிக்கக் கூடியது. தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் வேண்டாம், பாலிகார்பனேட் கெட்டுப்போகும். பற்பசை தேய்ப்பதைக் கடைசிக்கு வையுங்கள், அது தேய்த்தெடுக்கிற பொருள், ஒரு தடவை செய்தால் திரும்பப் போக முடியாது.

அப்புறம் சிடியை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து மேல்பக்கத்தைப் பாருங்கள். எல்லோரும் அடிப்பக்கக் கீறலுக்குப் பயப்படுகிறார்கள், ஆனால் தகவல் அடுக்கு இருப்பது பெயர் அச்சடித்த மேல்பக்கத்துக்கு மிக அருகில். அடியில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் கவசம், மேலே மெல்லிய பூச்சு மட்டும். வெளிச்சம் ஊசித் துளையாகத் தெரிந்தால் அந்த இடத்தில் பிரதிபலிக்கும் பூச்சே போய்விட்டது என்று அர்த்தம், அதை எந்த மென்பொருளும் திருப்பிக் கொடுக்காது. காசிமேடு, ராயபுரம் பக்கம் ஈரக்காற்றில் வைத்த சிடிகளில் ஓரத்திலிருந்து பூச்சு அரிப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மேலே ஒட்டிய ஸ்டிக்கரை உரிக்காதீர்கள், பூச்சும் சேர்ந்து வந்துவிடும். நடு ஓட்டையை ஒட்டி விரிசல் இருந்தால் அந்த சிடியை வேகமாகச் சுற்றவே விடக்கூடாது, 52 மடங்கு வேக டிரைவ் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று வரை போகும், சிடி உள்ளேயே சிதறும்.

எந்த மென்பொருள்

விண்டோஸ் என்றால் என் பதில் இஏசி, அதாவது எக்ஸாக்ட் ஆடியோ காப்பி. ஜெர்மனியைச் சேர்ந்த ஆந்த்ரே வீத்தோஃப் எழுதியது, 1990களின் கடைசியிலிருந்து இருக்கிறது, சொந்த உபயோகத்துக்கு இலவசம். முகப்பு பழசாக இருக்கும், மெனு குழப்பும், ஆனாலும் ஒவ்வொரு துண்டையும் குறைந்தது இரண்டு தடவை படித்து ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துப்போகாத இடத்தை நிமிடம் நொடியோடு எழுதிக் கொடுக்கிறது. இந்த மெனுக்களோடு மல்லுக்கட்ட முடியாது என்றால் கியூடூல்ஸோடு வரும் கியூரிப்பர் போதும், இலவசம், செட்டிங் குறைவு. காசு கொடுக்கத் தயார் என்றால் டிபிபவர்ஆம்ப் நன்றாகவே இருக்கிறது, நூறு இருநூறு சிடி எடுக்க வேண்டியவருக்கு அதைத்தான் சொல்வேன். மேக்கில் எக்ஸ்எல்டி, லினக்ஸில் விப்பர் அல்லது சிடிபாரனோயா, அவற்றுக்குப் பின்னால் வருகிறேன்.

மென்பொருளுக்கு முன்னால் டிரைவ். ஒரே சிடியை ஒரு டிரைவ் கையை விரித்துவிடும், இன்னொன்று சத்தமில்லாமல் படித்து முடித்துவிடும், இது லேசரையும் டிரைவுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரையும் பொறுத்தது. அதனால் முடிந்தால் இரண்டு வெவ்வேறு கம்பெனி டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று லேப்டாப்பில் செருகும் மெல்லிய யுஎஸ்பி டிரைவ், இன்னொன்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய கம்ப்யூட்டர் பாகம் விற்கும் கடைகளில் கிடைக்கும் பெரிய சாட்டா டிவிடி ரைட்டர். பெரியதை யுஎஸ்பியில் இணைக்க 12 வோல்ட் அடாப்டரோடு வரும் கேபிள்தான் வேண்டும், வெறும் யுஎஸ்பி கரண்டில் அது ஓடாது.

இஏசி செட்டிங்

முதல் தடவை திறந்ததும் ஒரு விஸார்ட் வரும். வேகமா துல்லியமா என்று கேட்கும் இடத்தில் துல்லியத்தைத் தேர்ந்தெடுங்கள். ஃபிளாக் (ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் கோப்பு வகை) என்கோடரை அமைக்கவா என்று கேட்டால் சரி சொல்லுங்கள். எம்பி3 வேண்டாம், போனில் போட வேண்டுமென்றால் பிறகு ஃபிளாக்கிலிருந்து எத்தனை எம்பி3 வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், எம்பி3யில் தொலைந்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

விஸார்ட் முடிந்ததும் நல்ல நிலையில் உள்ள, கம்பெனியில் அச்சடித்த ஒரு சிடியைப் போட்டுக்கொண்டு எஃப்10 அழுத்தினால் டிரைவ் ஆப்ஷன்ஸ் வரும். அதில் 'செக்யூர் மோட்' தேர்வாகியிருக்க வேண்டும். கீழே மூன்று கட்டங்கள்: அக்யூரேட் ஸ்ட்ரீம், கேஷ், சி2. 'டிடெக்ட் ரீட் ஃபீச்சர்ஸ்' பொத்தானை அழுத்தினால் இஏசியே சோதித்துச் சொல்லும். அக்யூரேட் ஸ்ட்ரீம் பெரும்பாலான டிரைவ்களில் இருக்கும், டிக் செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் கேஷையும் டிக் செய்யுங்கள். காரணம் இதுதான். டிரைவ் படித்ததைத் தன் நினைவில் வைத்துக்கொண்டால், இரண்டாவது தடவை கேட்கும்போது சிடியைப் பார்க்காமல் நினைவிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். காசிமேட்டில் வஞ்சிரம் விலையை ஒரே ஆளிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டு 'இரண்டு இடத்தில் விசாரித்தேன்' என்று சொல்ல முடியுமா? இந்தக் கட்டத்தை டிக் செய்தால் ஒவ்வொரு தடவையும் நினைவைத் துடைத்துவிட்டுத்தான் இஏசி மறுபடி கேட்கும். நேரம் கூடும், கூடட்டும்.

சி2 கட்டத்தை, டிரைவ் ஆதரிக்கிறது என்று சோதனை சொன்னாலும், காலியாகவே விடுங்கள். சி2 என்பது 'இங்கே என்னால் திருத்த முடியவில்லை' என்று டிரைவே சொல்லும் தகவல். எல்லா டிரைவும் அதை ஒழுங்காகச் சொல்வதில்லை. டிக் செய்தால் இஏசி இரண்டாவது தடவை படிப்பதை விட்டுவிட்டு டிரைவின் வார்த்தையை நம்ப ஆரம்பித்துவிடும், கீறல் சிடிக்கு அந்த நம்பிக்கை ஆகாது.

ஆஃப்செட் பக்கத்தில் ஒரு எண் வேண்டும். ஒவ்வொரு டிரைவ் மாடலும் சில சாம்பிள்கள் (ஒலியின் மிகச் சின்ன அளவுப் புள்ளிகள்) முன்னாடியோ பின்னாடியோ தள்ளிப் படிக்கும், 6, 102, 667 என்று மாடலுக்கு ஏற்ப மாறும். காதுக்கு இது தெரியாது, 667 சாம்பிள் என்றாலும் நொடியில் அறுபதில் ஒரு பங்குதான். ஆனால் இரண்டு டிரைவில் எடுத்ததை ஒப்பிட இந்த எண் சரியாக இருந்தே ஆக வேண்டும். அக்யூரேட்ரிப் என்ற இணையத் தளத்தில் டிரைவ் மாடல் வாரியாகப் பட்டியல் இருக்கிறது, உங்கள் மாடலைப் பார்த்து எண்ணை அப்படியே இடுங்கள், கூட்டல் கழித்தல் குறியோடு. அதே பக்கத்தில் வேகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 8 மடங்கில் ஆரம்பியுங்கள். ஒரு மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தைப் புதிய டிரைவ்கள் பல ஏற்பதே இல்லை. மெதுவாகப் போனால் எப்போதும் நல்லது என்றும் இல்லை, சில டிரைவ் 16இல் படித்துவிடும் இடத்தில் 4இல் திணறும், போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது எஃப்9, இஏசி ஆப்ஷன்ஸ். எக்ஸ்ட்ராக்‌ஷன் பக்கத்தில் 'எரர் ரெகவரி குவாலிட்டி' என்பதை 'ஹை' ஆக்குங்கள். இரண்டு தடவை படித்தது ஒத்துப்போகாவிட்டால் இஏசி அதே இடத்தை 16 தடவை கொண்ட ஒரு சுற்றாகத் திரும்பப் படிக்கும், 16இல் 8 ஒத்து வந்தால் ஏற்றுக்கொள்ளும். 'ஹை' என்றால் இப்படி ஐந்து சுற்று, மொத்தம் 82 தடவை வரை. பிழை வந்தால் டிராக்கையே தாண்டிவிடும் வசதியின் டிக்கை எடுத்துவிடுங்கள், ஒரு நொடிக் கீறலுக்காக ஐந்து நிமிடப் பாட்டை இழக்க வேண்டாம். சத்த அளவை மாற்றும் நார்மலைஸ் பக்கத்தில் எதையும் தொடாதீர்கள். டூல்ஸ் பக்கத்தில் முடிந்ததும் அறிக்கையைத் தானாக எழுதும் வசதியை டிக் செய்யுங்கள். அந்த லாக் கோப்பு இல்லாமல் எடுத்த பாட்டை நான் எடுத்ததாகவே கணக்கில் வைப்பதில்லை.

இனி உங்கள் சிடியைப் போடலாம். பாட்டுப் பெயர்களை இணையத்திலிருந்து எடுக்கப் பாருங்கள், நம் தெருக் கானாவுக்கு எதுவும் வராது, தமிழிலேயே தட்டச்சு செய்யுங்கள், ஏற்கும். எஃப்4 அழுத்தி இடைவெளிகளைக் கண்டுபிடிக்க விடுங்கள். பிறகு ஆக்‌ஷன் மெனுவில் 'டெஸ்ட் அண்ட் காப்பி', அதில் 'கம்ப்ரெஸ்டு'. வெறும் 'காப்பி' வேண்டாம். டெஸ்ட் அண்ட் காப்பி என்றால் ஒவ்வொரு டிராக்கையும் முதலிலிருந்து கடைசி வரை இரண்டு முறை தனித்தனியாக எடுத்து, இரண்டுக்கும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் போட்டுக் காட்டும். நல்ல சிடி கால் மணி அரை மணியில் முடியும். என் பெரியப்பாவின் ஐந்தாவது பாட்டு மட்டும் மூன்று மணி நேரம் எடுத்தது. டிரைவ் சூடானால் நிறுத்தி ஆற விடுங்கள், விட்ட டிராக்கை மட்டும் பிறகு தேர்ந்தெடுத்து எடுக்கலாம்.

லாகைப் படிப்பது

முதலில் டெஸ்ட் சிஆர்சியும் காப்பி சிஆர்சியும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்து, 'காப்பி ஓகே' என்றும் இருந்தால் அந்த டிராக்கை நம்பலாம். 'டிராக் குவாலிட்டி' 98 சதவீதம் என்றிருந்தால் பாட்டில் 2 சதவீதம் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், அது எவ்வளவு திரும்பப் படிக்க வேண்டியிருந்தது என்பதன் அளவு மட்டுமே. 'சஸ்பிஷியஸ் பொசிஷன்' என்று நேரத்தோடு வந்தால்தான் சிக்கல், அங்கே 82 தடவை படித்தும் முடிவு கிடைக்கவில்லை. அந்த நேரத்தைக் குறித்து வையுங்கள்.

இதற்கு மேல் அக்யூரேட்ரிப் என்று ஒரு வரி வரும். உலகத்தில் வேறு யாராவது அதே சிடியை எடுத்திருந்தால் அவர்களுடைய சரிபார்ப்பு எண்ணோடு உங்களுடையதை அது ஒப்பிடும். அறிமுகமில்லாத பலருடைய வெவ்வேறு டிரைவில் வந்த அதே எண் உங்களுக்கும் வந்தால் சந்தேகமே வேண்டாம். கடையில் விற்ற சினிமாப் பாட்டு சிடி என்றால் இந்த வாய்ப்பைக் கண்டிப்பாகப் பாருங்கள், ஏனென்றால் கூடவே இன்னொரு வரமும் உண்டு. கியூடூல்ஸ் தரவுத்தளம் சரிபார்ப்பு எண்ணோடு நிற்காமல் திருத்துவதற்கான பாரிட்டித் தகவலையும் வைத்திருக்கிறது. சிடி முழுவதையும் எடுத்துவிட்டு, கியூடூல்ஸில் 'ரிப்பேர்' கொடுத்தால், சேதம் சின்னதாக இருக்கும்வரை உங்கள் கோப்பையே மூலத்தோடு பைட் பிசகாமல் திருத்திக் கொடுத்துவிடும். சிடி முழுவதும் வேண்டும், ஒரு பாட்டை மட்டும் கொடுத்தால் ஆகாது.

ஆனால் நம் ஆட்களின் கானா, சர்ச் பாடகர் குழு, காதுகுத்துக் கச்சேரி, இதெல்லாம் அந்தத் தரவுத்தளங்களில் இருக்காது. அங்கே சாட்சிக்கு வேறு யாரும் இல்லை, நாமேதான் சாட்சிகளை உண்டாக்க வேண்டும்.

தரவுத்தளத்தில் இல்லாத சிடிக்கு

இரண்டு டிரைவிலும், இரண்டுக்கும் ஆஃப்செட் சரியாக இட்டு, முழுசாக எடுங்கள். தனித்தனி ஃபோல்டர். பிறகு இரண்டு லாகிலும் காப்பி சிஆர்சியை டிராக் டிராக்காக ஒப்பிடுங்கள். இரண்டு டிரைவிலும் ஒரே எண் வந்த பாட்டு முடிந்தது, அதைத் தொட வேண்டாம். என் ஒன்பதில் ஆறு இப்படியே தேறியது. முதல் பாட்டுகள் பெரும்பாலும் தேறும், ஏனென்றால் சிடி உள்ளிருந்து வெளியே ஓடுகிறது, விரல் படுவதும் உரசுவதும் வெளி ஓரத்தில்தான் அதிகம்.

எண் ஒத்துப்போகாத பாட்டுக்கு ஃபூபார்2000 மென்பொருளில் பைனரி கம்பேரேட்டர் என்ற துணைக்கருவியைச் சேர்த்து இரண்டு கோப்பையும் ஒப்பிட்டால் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை வேறுபடுகிறது என்று காட்டும். என் அனுபவத்தில் இது மிகச் சின்ன இடமாகத்தான் இருக்கும். பெரியப்பாவின் ஐந்தாவது பாட்டில் முதல் டிரைவ் இரண்டு இடத்தில் தோற்றது, இரண்டாவது டிரைவ் அந்த இரண்டையும் சரியாகப் படித்துவிட்டு வேறொரு இடத்தில் தோற்றிருந்தது. ஆஃப்செட் சரி செய்திருந்ததால் இரண்டு கோப்பும் சாம்பிளுக்குச் சாம்பிள் ஒன்றாக நிற்கும். ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டி ஒட்டும் மென்பொருளில் இரண்டையும் மேலும் கீழுமாகத் திறந்து, ஒன்றில் கெட்ட பகுதியை வெட்டி மற்றதிலிருந்து அதே சாம்பிள் எண்களுக்கு இடைப்பட்ட பகுதியை ஒட்டினேன். ஒட்டுகிற இரண்டு முனையும் கோப்புகள் ஒத்துப்போகும் பகுதிக்குள் இருக்க வேண்டும், அப்போதுதான் ஒட்டிய இடம் தெரியாது. ஆடாசிட்டியில் 16 பிட்டில் ஏற்றுமதி செய்யும்போது டித்தர் வசதியை (நுண்ணிய இரைச்சலைக் கலப்பது) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தொடாத பகுதியும் மாறிவிடும்.

இரண்டு டிரைவும் ஒரே இடத்தில் தோற்றால் வேகத்தை மாற்றி 4, 16, 24 என்று அந்த டிராக்கை மட்டும் திரும்ப எடுங்கள். அதுவும் ஆகாவிட்டால் செக்யூரை விட்டு, ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரே மூச்சில் படிக்கும் 'பர்ஸ்ட் மோட்'டில் நான்கைந்து தடவை எடுத்துச் சிஆர்சியைப் பாருங்கள், செக்யூரில் முன்னும் பின்னும் தாவித் தாவித் தடுமாறுகிற சில டிரைவ், ஒரே ஓட்டமாக விட்டால் அந்த இடத்தைக் கடந்துவிடும். இரண்டு தனித்தனி ஓட்டத்தில் ஒரே எண் வந்தால் அதை நம்பலாம். அதன் பிறகுதான் பாலிஷ் போடுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மேக், லினக்ஸ்

எக்ஸ்எல்டியில் ரிப்பர் மோடை 'எக்ஸ்எல்டி செக்யூர் ரிப்பர்' ஆக்கி, அக்யூரேட்ரிப் கேட்பதையும் காப்பிக்கு முன் டெஸ்ட் செய்வதையும் இயக்கி, சி2வை இங்கேயும் அணைத்துவிடுங்கள். லினக்ஸில் விப்பருக்கு முதலில் டிரைவ் அனலைஸ், பிறகு ஆஃப்செட் ஃபைண்ட் என்ற இரண்டு கட்டளைகளை ஓட்ட வேண்டும், அதன் பிறகே ரிப். ஆஃப்செட் கண்டுபிடிக்க அக்யூரேட்ரிப்பில் உள்ள கம்பெனி சிடி ஒன்று வேண்டும். விப்பர் கறாரானது, டெஸ்டும் காப்பியும் ஒத்துப்போகாவிட்டால் அந்த டிராக்கைத் தர மறுத்துவிடும். மிக மோசமான சிடிக்கு அப்போது நேரடியாகச் சிடிபாரனோயாவுக்குப் போங்கள், ஓடும்போது அது காட்டும் முன்னேற்றக் குறிகளின் வரிசையில் ஆங்கில 'வி' எழுத்து விழுந்தால் அங்கே திருத்தாமல் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

முடிந்ததும் ஃபிளாக், லாக், கியூ ஷீட் (சிடியில் பாட்டுகளின் வரிசையும் இடைவெளியும் எழுதிய கோப்பு) மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள், எந்தப் பாட்டில் எந்த நொடியை ஒட்டினீர்கள் என்று ஒரு சின்ன உரைக் கோப்பும் எழுதிப் போடுங்கள். சிடியை உறையில் போட்டு நிமிர்த்தி, வெயில் படாத பீரோவில் வையுங்கள், வீசிவிடாதீர்கள். பெரியப்பாவின் எட்டாவது பாட்டில் 2 நிமிடம் 41ஆவது நொடியில் ஒரு சின்ன இடம் இன்னும் வரவில்லை. வியாசர்பாடியில் அவருடன் டேப் மேளம் அடித்தவர் வீட்டில் இதே சிடியின் இன்னொரு பிரதி பரணில் இருக்கிறது என்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை மைக்ரோஃபைபர் துணியோடு போகிறேன்.